மைதானம் நம்முடையது, ஆட்டம் யாருடையது?

ஐரோப்பிய, தென்னமெரிக்கச் சம்பியன்களான ஸ்பெயினும் ஆர்ஜென்டீனாவும் மோதும் ‘ஃபைனலிசிமா’ உதைபந்தாட்டப் போட்டி, 2026 மார்ச் 27ஆம் திகதி கட்டாரின் லுசைல் அரங்கில் நடைபெறும் என அறிவிக்கப்பட்டிருந்தது.

ஆசியாவின் சம்பியன் யார்? 2019, 2023 ஆசியக் கிண்ணங்களை வென்ற அதே கட்டார்தான். சொந்த மண்ணிலேயே அது வெறும் பார்வையாளர். ஆபிரிக்காவுக்கும் இடமில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1992இல் சவூதி அரேபியா தொடங்கிய மன்னர் ஃபஹத் கிண்ணத்தில் ஐவரி கோஸ்ட்டும் அமெரிக்காவும் ஆடின. இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவைச் சந்தித்தது சவூதி. அதைப் பொறுப்பேற்ற ஃபிஃபா, கொன்ஃபெடரேஷன்ஸ் கிண்ணமாக நடத்திவிட்டு, 2017உடன் கைவிட்டது.

ஊர்காவற்றுறையில் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் மெஸ்ஸியை ரசிக்கட்டும், தவறில்லை. ஆனால் மைதானம் தருகின்ற ஆசியா, ஆடுவதற்கும் இடம் கேட்க வேண்டும். விருந்துக்கு வீடு கொடுத்தவனை வாசலில் நிறுத்துவது முறையல்ல.