பயறு விதைப்பவனுக்கு முன்னறிவித்தல் வேண்டாமா?

தைப்பொங்கற் பானையில் இடும் வறுத்த பயறும், தோசைக்கு அரைக்கும் உழுந்தும் எம்மண்ணில் விளைந்தனவா, கப்பலில் வந்தனவா என்று யாழ்ப்பாணத்து இல்லங்களில் வினவுவோர் மிகச் சிலரே. கமக்காரனுக்கோ அவ்வினா அவ்வாண்டின் வருமானத்தைத் தீர்மானிக்கும் வினாவாகும்.

எமது குடாநாட்டிற்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறெனச் சொல்லிக்கொள்வது பெருமைக்காகவேயன்றிப் பாசனத்திற்காக அன்று. கிணறே எமக்குக் கதி. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் செழிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அப்பயிர்களுக்கு அளவின்றி இறைத்த நீரும் இட்ட உரமும் எங்கே போயின? சுண்ணாம்புக் கற்பாறையூடாகக் கீழிறங்கிய நைத்திரேற்று இன்று குடிநீரிற் கலந்து நிற்கின்றது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை வலிகாமத்துக் கிணறுகள் பல தாண்டிவிட்டமையை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டியுள்ளனர்.

பயறும் உழுந்தும் கௌபியும் இவ்வாறு கிணற்றை வற்றவைத்து நஞ்சூட்டும் பயிர்கள் அல்ல. காலபோக நெல் அரிவி வெட்டு முடிந்ததும், வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைக் கொண்டே பயறு விளையும். அறுபது, எழுபது நாளிற் பலன் தரும். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக்குவதால் யூரியாவை நம்பியிருக்க வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசினர் ஒரே ஆணையால் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை விலக்கிக்கொண்ட கூத்தை நாடு மறந்திராது. நான்கு பரப்பு நிலமும் வெறுங்கையும் உடையவனுக்கு இதனினும் ஏற்ற பயிர் எது?

ஆயினும் அவன் பயறு விதைக்கத் தயங்குகின்றான். அவனை அறியாமையுடையவன் எனக் கருதுவோர் அவனது கணக்கை அறியாதவர். விதைக்கும்போது ஒரு விலை. நெற்று ஆயும்போது வேறொரு விலை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தனர். 1977இல் கதவு திறக்கப்பட்டதும் அவர்களது சந்தை சரிந்தது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டமோ, இறக்குமதிப் பண்டங்களின் அறவீட்டை வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் விதிக்கும் அதிகாரத்தை அமைச்சரின் கையிற் கொடுத்தது. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் உழுந்து, பயறு இறக்குமதி நிறுத்தப்பட, உழுந்தின் விலை பெரிதும் ஏறியது. கடனுக்கு அஞ்சிக் களத்திலேயே விற்றுவிடும் சிறுகமக்காரனுக்கு அவ்வேற்றத்தில் எவ்வளவு பங்கு கிடைத்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

செய்யும்போது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னர் இயற்றிய சட்டத்தால் ஒருவனைத் தண்டித்தலாகாது என்று அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரை கூறுகின்றது. அது குற்றவியலுக்கு மட்டுமே உரியது. வரிக்குப் பொருந்தாது என்று சட்டம் கற்றோர் குறுக்கிடுவர். ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் விதைத்து நாற்பது நாள் கழித்துத் தீர்வையைக் குறைத்துக் கப்பலுக்கு வழிவிடும் ஆணை, கமக்காரனைப் பொறுத்தவரையில் பின்னோக்கிப் பாயும் தண்டனையன்றி வேறென்ன? அவன் விதைத்ததை மீளப் பெற முடியுமா?

இந்தியாவில் துவரைக்கும் பயற்றுக்கும் உழுந்துக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கின்றது. அவ்விலைக்கு எங்கும் கொள்முதல் நடப்பதில்லை என்ற முறைப்பாடு அங்கும் உண்டு. எனினும், விதைக்குமுன் ஒரு விலையைக் காதாற் கேட்கும் உரிமையாவது அந்நாட்டு உழவனுக்கு இருக்கின்றது.

நாம் மானியம் கேட்கவில்லை. இறக்குமதியை என்றென்றும் தடைசெய்யுமாறும் கேட்கவில்லை; தோசை உண்பவனும் எம்மவனே. பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றின் இறக்குமதித் தீர்வையை ஆண்டுதோறும் தை மாதம் பிறக்குமுன் அறிவித்து, சித்திரை கழியும்வரை மாற்றாதிருக்க அரசினர் சட்டத்தாற் கட்டுப்படல் வேண்டும். வடபகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவாயினும், அடுத்த வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் இத்திருத்தத்தை எழுத்தில் முன்வைக்கட்டும். அதனை வரைந்து கொடுக்க யாழ்ப்பாணத்திற் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை.