எடையை ஏற்றுங்கள், ஆளை இறக்குங்கள்

மினி டிராக்டருக்கு எடை கூட்டுவது வீண் செலவு என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. டயருக்குத் தண்ணீர் ஏற்றுவதும் சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டுவதும் டீலர்கள் கிளப்பிவிட்ட வியாபாரமாம். எடை கூடினால் வண்டி டீசல் குடிக்குமாம், மண் இறுகிச் சாகுமாம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு எடை தேவையே இல்லையாம். என்றைக்காவது சக்கரம் சுற்றினால் கலப்பை மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தால் போதுமாம். முன்பக்கம் தூக்கினால் பானெட் மேல் ஓர் ஆளை உட்கார வைத்தால் போதுமாம். இவை எல்லாம் தவறு. கடைசியில் சொன்னது ஆளைக் கொல்லும் யோசனை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள் இதை நம்பி நடந்தால் பணமும் போகும், உயிரும் போகும். அதனால்தான் ஒன்றுவிடாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீசல் கணக்கிலிருந்து தொடங்குவோம். எடை கூடினால் வண்டி உருள்வதற்குக் கூடுதல் சக்தி வேண்டும் என்பது உண்மை. கட்டுரையாளர் அந்தப் பாதிக் கணக்கோடு நிறுத்திக்கொண்டார். மறுபாதியை நான் போடுகிறேன். 18 முதல் 27 குதிரைத்திறன் வரையுள்ள நம் ஊர் மினி டிராக்டர்கள் பெரும்பாலும் 600 முதல் 900 கிலோ எடைக்குள் இருப்பவை. உழுத மண்ணில் ஒரு சக்கரம் தன்மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதத்தைத்தான் இழுவையாகத் தரும். மண்ணுக்கு மண் இது மாறினாலும் எல்லை இதுதான். பின் அச்சில் 450 கிலோ இருந்தால் 200 கிலோ அளவுக்கு இழுக்கலாம். கலப்பை அதற்கு மேல் கேட்டால், எஞ்சினில் திறன் மிச்சமிருந்தும் பயனில்லை. சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும்.

அப்படிச் சுற்றுவதற்கும் டீசல்தான் எரிகிறது. சறுக்கல் 30 சதவீதம் என்றால், 10 மீட்டர் சால் ஓட்ட 14 மீட்டருக்கும் மேல் சக்கரம் உருண்டிருக்கிறது என்று பொருள். அதையே 12 சதவீதத்துக்குக் குறைத்தால் 11.4 மீட்டர் போதும். இந்த வித்தியாசம் டீசலில் போகிறது, டயர் தேய்வதில் போகிறது, நேரத்தில் போகிறது. பின்சக்கரத்தில் 120 கிலோ கூட்டினால் உழுத மண்ணில் உருளும் தடை 10 கிலோ அளவுக்குக் கூடும். இழுவை 50 கிலோ அளவுக்குக் கூடும். இந்தக் கணக்கில் பத்தை மட்டும் எழுதி ஐம்பதை விட்டுவிடுவது விவசாயிக்குச் செய்யும் துரோகம்.

என் பேச்சையும் நம்ப வேண்டாம், அவர் பேச்சையும் நம்ப வேண்டாம். உங்கள் வயலிலேயே அளந்து பாருங்கள். பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில், வழக்கமான கியரில் ஓட்டி, சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும் தூரத்துக்கு இரண்டு முனையிலும் குச்சி நடுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டிச் சுற்றை எண்ணுங்கள். ஒன்பது சுற்று வந்தால் சறுக்கல் 10 சதவீதம். எட்டரை வந்தால் 15. ஏழு வந்தால் 30. உழவுக்கு 10 முதல் 15 வரை சரியான அளவு. அதற்கு மேல் போனால் எடை போதவில்லை. ஐந்து, ஆறுக்குக் கீழே போனால் எடை அதிகம். அப்போது கியர் பெட்டியும் அச்சும் அடி வாங்கும், எடையைக் கழற்ற வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்பவர் இறங்கித் தடத்தைப் பார்க்கலாம். டயரின் பட்டை மண்ணில் அச்சு வார்த்தது மாதிரி விளிம்பு மழுங்காமல் பதிந்திருந்தால் எடை மிகுதி. பட்டைகளுக்கு நடுவே மண் கொஞ்சம் நகர்ந்து, ஆனாலும் பட்டை அடையாளம் தெரிந்தால் எடை சரி. தடம் முழுக்க மண் வழித்துவிட்டது போலக் கிடந்து பட்டையின் அடையாளமே இல்லாவிட்டால் வண்டி சறுக்குகிறது. கடலை பிடுங்கிய செம்மண் காட்டில் ஐந்து கொத்துக் கலப்பையோடு போகும் வெறும் மினி டிராக்டரின் பின்னால் நடந்து பாருங்கள், மூன்றாவது வகைத் தடம்தான் பெரும்பாலும் கிடக்கும்.

அடுத்தது மண். மண்மீது கட்டுரையாளருக்கு இருக்கும் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அவர் பயமுறுத்துவது தவறான வண்டியைக் காட்டி. உழவு எட்டாத அடிமண் இறுகுவது பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகள் பேசுவது அச்சுக்குப் பல டன் சுமக்கும் அறுவடை இயந்திரங்களையும் பாரம் ஏற்றிய வண்டிகளையும் பற்றி. தண்ணீரும் இரும்பும் சேர்த்தாலும் ஒரு டன்னைச் சுற்றியே நிற்கும் மினி டிராக்டரை அந்தப் பட்டியலில் சேர்ப்பது மோசடி. மேல்மண்ணைப் பொறுத்தவரை எடையைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு: ஈரம் காயாமல் நிலத்தில் இறங்குவது, டயரில் தேவைக்கு மேல் காற்று அடைப்பது. அவர் சொல்லாத மூன்றாவதும் ஒன்று உண்டு. சுற்றுகிற சக்கரம் ஈர மண்ணைத் தேய்த்து மெழுகிவிடும். அந்த மெழுகிய பரப்பில் தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. எடை போடாமல் சறுக்கவிட்டால் மண் பிழைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தேவையென்றால் கம்பெனியே எடையோடு அனுப்பியிருக்குமே என்று கேட்கிறார். கேட்பதற்கு முன்னால் தன் வண்டியின் பின்சக்கரத் தட்டை ஒருமுறை பார்த்திருக்கலாம். அங்கே வெயிட் மாட்டுவதற்கென்றே துளைகள் இருக்கும். முன்னால் பம்பரில் அதற்கென்றே பிடிப்பு இருக்கும். வண்டியோடு தரும் கையேட்டில் அதற்கென்று பக்கம் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. அந்த அறிக்கைகளில் இழுவைத் திறனை எடை ஏற்றியும் ஏற்றாமலும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். டீலரின் கட்டுக்கதையை அரசு நிறுவனம் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்காது. கம்பெனி எடையில்லாமல் அனுப்புவதற்குக் காரணம் எளியது: அதே வண்டி திராட்சைப் பந்தலுக்குள் மருந்து அடிக்கும், சேற்றில் இறங்கும், தேங்காய் ஏற்றும். எந்த வேலைக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்ய வேண்டியவர் உழுகிறவர்.

தன் வாதத்துக்குத் துணையாக ஹாரி ஃபெர்குசனை இழுத்து வந்திருக்கிறார். மூன்று முனை இணைப்பைக் கண்டுபிடித்து, இலகுவான டிராக்டரால் கனமான டிராக்டரின் வேலையைச் செய்ய முடியும் என்று ஃபெர்குசன் காட்டிவிட்டாராம், ஆகவே எடை தேவையில்லையாம். ஃபெர்குசன் செய்தது என்ன? கலப்பையின் எடையையும், மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசையையும் ஹைட்ராலிக் வழியாகப் பின்சக்கரத்தின் மேல் இறக்கினார். 1926-இல் அவர் பெற்ற காப்புரிமையின் அடித்தளம் அதுதான். 1946-இல் வந்த டி.இ.20 வண்டி உலகெங்கும் ஓடியதும் அதனால்தான். இரும்புக் கட்டியில் வாங்க வேண்டிய எடையை அவர் கலப்பையிடம் வாங்கினார். எடை தேவையில்லை என்று நிரூபிக்கவில்லை. எடை எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் நிரூபித்தார். கலப்பை மண்ணில் இருக்கும்வரை அந்த ஏற்பாடு வேலை செய்யும். டிரைலர் இழுக்கும்போது அதன் உதவி கிடைக்காது. ஃபெர்குசன் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேர் இந்த ஏற்பாட்டை இயக்கும் டிராஃப்ட் லிவரைத் தொட்டிருக்கிறார்கள்? நம் ஊரில் பாதி வண்டிகளில் அது ஒரே இடத்தில் துருப்பிடித்து நிற்கிறது.

நான்கு சக்கர இழுவை பற்றிச் சொன்னதும் அரைகுறை. நான்கு சக்கரமும் இழுத்தால் இருக்கிற எடை முழுவதும் வேலைக்கு வரும் என்பது சரி. ஆனால் இல்லாத எடை எங்கிருந்து வரும்? பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிய உடனேயே முன்னச்சின் எடை பின்னுக்குப் போய்விடுகிறது. மினி டிராக்டருக்கான ரோட்டவேட்டரே பல 200 கிலோவைத் தாண்டும். முன்சக்கரம் மண்ணைச் சரியாகத் தொடாதபோது அதற்கு இழுவையும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. இப்படிப்பட்ட வண்டிக்குக் கருவி மாட்டாத நிலையில் மொத்த எடையில் 35 முதல் 40 சதவீதம் வரை முன்னச்சில் இருக்க வேண்டும். அதற்குத்தான் முன்பக்க வெயிட்.

ஓரிடத்தில் அவர் சொல்வது சரி. தஞ்சைப் பக்கம் சேற்றுழவுக்கு எடை ஆகாது. நடவுக்குச் சேறடிக்கும்போது வண்டி இலகுவாக இருக்க வேண்டும். இரும்பைக் கழற்றி, தண்ணீரை இறக்கி, கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்ட வேண்டும். அவருடைய அனுபவம் அங்கே விளைந்தது என்று கட்டுரையே காட்டுகிறது. அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரத்துச் செம்மண்ணுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் பல்லடத்து மானாவாரிக்கும் சட்டம் எழுத அவருக்கு யார் உரிமை கொடுத்தது? சேற்றில் ஓட்டியவர் காய்ந்த காட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு சித்திரை மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து ஒரு சால் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, இந்த எதிர்வினையை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். கல்லை வை, ஆளை உட்கார வை என்கிற யோசனை. கலப்பைச் சட்டத்தின் மேல் வைத்த கல் எதிலும் மாட்டப்படாதது. வரப்பு ஏறும்போது உருண்டால் பின்னால் வருகிறவர் காலில் விழும். அதோடு அது கலப்பையை ஆழமாக இறக்கி இழுவைத் தேவையைக் கூட்டுகிறது. சறுக்கலை நிறுத்துவதற்குப் பதில் வளர்க்கிறது. பானெட் மேலும் மட்கார்டு மேலும் உட்காரும் ஆள் பெரும்பாலும் யார்? வீட்டுப் பையன், இல்லையென்றால் கூலிக்கு வந்தவர். ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் அவர் விழுவது சக்கரத்துக்கு முன்னால், அல்லது சுற்றுகிற ரோட்டவேட்டர் கத்திகளுக்கு நடுவில். டிராக்டரில் ஓர் இருக்கைதான் இருக்கிறது, அது ஓட்டுகிறவருக்கு. மட்கார்டிலிருந்து விழுந்து இறந்த பிள்ளையின் செய்தி உழவு நாட்களில் நம் நாளிதழ்களின் உள்பக்கத்தில் சின்னக் கட்டமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. இதை எல்லாம் படிக்கிற ஒருவர், அச்சில், பெயர் போட்டு, ஆளை உட்கார வைக்கச் சொல்கிறார்.

முன்பக்கம் தூக்குகிற வண்டி விளையாட்டல்ல. இரண்டு சக்கர டிரைலரில் பாரம் ஏற்றினால் அதன் முன்பாரம் கொக்கியில் அழுத்தி, டிராக்டரின் முன்பக்கத்தை மேலே தூக்கும். ஓடைக்கரை ஏறும்போது, அல்லது சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டி அடிக்கட்டையை இழுக்கும்போது, கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி பின்னோக்கிக் கவிழும். ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும்; பிரேக்கைத் தேடக்கூட அவகாசம் இருக்காது. பானெட்டில் ஆள் இருந்தால் அன்றைக்குச் சாவு இரண்டு.

முறையாக எடை ஏற்ற ஆகிற செலவு அவர் மிரட்டுகிற அளவுக்கு இல்லை. 8.3-24 அளவுள்ள பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் ஏற்றினால் ஏறத்தாழ 60 லிட்டர் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து 120 கிலோ. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, ஊசியைக் கழற்றி, உயரத்தில் வைத்த டிரம்மிலிருந்து தண்ணீர் விடுங்கள். இடையிடையே காற்று வெளியேற விடவேண்டும். வால்வு வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தால் முக்கால் ஆகிவிட்டது, அதோடு நிறுத்திவிட்டுக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று அடியுங்கள். முழுவதும் நிரப்பக் கூடாது. மேலே காற்று இல்லாத டயர் அதிர்ச்சியைத் தாங்காது. ரிம் துருப்பிடிக்கும் என்கிறார். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், ரிம்மைத் தின்பது அது. நமக்கு வெறும் தண்ணீர் போதும். அதுவும் டியூபுக்குள் இருக்கிறது, ரிம்மைத் தொடுவதே இல்லை.

முன்னச்சுக்கு ஊர் எடைமேடையே போதும். தூக்க வேண்டிய கருவியைத் தூக்கிய நிலையில், முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள், முழு வண்டியையும் ஏற்றி இன்னொரு சீட்டு வாங்குங்கள். முன்னச்சில் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் அந்த வண்டி சாலையில் ஏறக் கூடாது. முன் வெயிட் மாட்டிய பிறகு மறுபடி எடை போட்டுப் பாருங்கள். டயரும் அச்சும் தாங்கும் உச்ச எடை கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டும் நாட்களில் பின் இரும்பைக் கழற்றிவிடலாம். அதன் கத்திகளே வண்டியை முன்னுக்குத் தள்ளும்.

எடை ஏற்றுவதா வேண்டாமா என்பதில் கருத்து மாறுபடலாம்; வயலில் அளந்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். ஆளை உட்கார வைக்கும் யோசனையில் கருத்து மாறுபாட்டுக்கு இடமில்லை. கட்டுரையாளர் அதை அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அதை வெளியிட்ட ஆசிரியர் குழுவும் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும், இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நாளைக்கு உழவுக்கு வரும் வண்டியின் மட்கார்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், வேலை நின்றாலும் பரவாயில்லை, கீழே இறக்கிவிட்டுத்தான் சாவியைப் போட விடுங்கள்.