காற்றுப் புகாத வாளி

வீட்டுத் தொட்டிகளில் கீரை வளர்க்கும் அங்கத்தினர் சிலர், சமையற்கழிவை வாளியில் இட்டு மூடி உரமாக்க முயன்று, நாற்றம் பொறாது கைவிட்டதாக நம்மிடம் முறையிட்டனர். குற்றம் கழிவினுடையதன்று, காற்றுக்கு வழிவிடாத வாளியினுடையது.

1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிராராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவார்டின் உரமுறைக்குக் குவியலைப் புரட்டிக் காற்றூட்டுவதே உயிர்நாடி. காற்றின்றேல் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டையின் நாற்றத்தை எழுப்புகின்றன.

பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பழைய வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளையிடுக. நடுவில் துளையிட்ட குழாயொன்றை நிறுத்துக. அடியில் தேங்காய் நார் பரப்பி, கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரு பங்காக இட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை கிளறுக. ஈரம் எவ்வளவு என்பதை நெசவாளருக்குச் சொல்லவா வேண்டும்? இறுகப் பிழிந்த நூற்சிட்டத்தின் ஈரமே போதும். வெள்ளைப் பருத்திக் கழிவுநூலை நறுக்கிச் சருகோடு சேர்க்கலாம். சாயநூலும் ஜரிகைத் துணுக்கும் கூடா. இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கரிய உரம் கிட்டும்.

இதற்கென விலையுயர்ந்த ஆயத்த வாளிகளைச் சங்கப் பணத்தில் வாங்கலாமென்ற யோசனைக்கு நாம் இசையோம். அப்பணத்தில் நல்ல விதை வாங்கி அங்கத்தினருக்கு வழங்கலாம். பழைய வாளி கிடைக்காத வீடு ஏது? சாயப்பட்டறையில் ரசாயனம் இருந்த வாளியை மட்டும் தொடவேண்டாம். அவ்வுரத்தில் விளையும் கீரையை உண்பவர் நம் குழந்தைகளே.