26 டிகிரி தண்ணியில குளிருமா?

கடலே இல்லாத ஊர்க்காரன் கடலுக்குள்ள போடற உடுப்பைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. நாமக்கல் பக்கம் கிணத்துல நீச்சல் பழகுன எல்லாருக்கும் இந்தப் பாடத்தோட முதல் அத்தியாயம் தெரியும். சித்திரை வெயில்ல மேல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். தம் கட்டி ரெண்டு ஆள் ஆழம் முழுகினா, கோடு போட்ட மாதிரி சில்லுனு ஒரு தண்ணி கால்ல படும். கடல்லயும் அந்தக் கோடு உண்டு. அதுக்குத் தெர்மோகிளைன்னு பேரு.

போன பிப்ரவரியில, பார்ட் டைம் வேலையில சேர்த்த காசை எடுத்துக்கிட்டு கிளாஸ்மேட் ரெண்டு பேரோட புதுச்சேரிக்கு ஸ்கூபா டைவிங் போனேன். போன இடத்துல (பேரு வேண்டாம்) "தண்ணி 26 டிகிரி, நம்மூரு கடல் எங்க தம்பி குளிரப் போகுது"ன்னு சொல்லி, தொளதொளன்னு ஒரு சூட்டைக் கொடுத்தாங்க. முதல் முழுக்கு அருமை. ரெண்டாவது முழுக்குல இருபதே நிமிஷத்துல பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சு, வாயில கடிச்சிருந்த ரெகுலேட்டரே ஆடுது. நடுக்கத்துல மூச்சு வேகமாகி, சிலிண்டர் காத்தும் சீக்கிரம் தீர்ந்துபோச்சு. பாதியில மேல வந்தோம். காசு முழுசாப் போச்சு.

ரூம்ல ஏசியை 26-ல வெச்சா சுகமாத் தூங்கறோம். அதே 26 தண்ணியில ஏன் உதறுது? காத்தை விடத் தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். 37 டிகிரி உடம்பு அதுக்குள்ள இருக்கற வரைக்கும் சூடு வெளிய போய்க்கிட்டேதான் இருக்கும். முதல் முழுக்குல இழந்ததை ஈடு கட்டாமலே, ஈரத்தோட படகுல காத்து வாங்கிட்டு ரெண்டாவது தடவை இறங்குனேன். நஷ்டக் கணக்கை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போற மாதிரிதான் இதுவும்!

வெட்சூட்டை 1952-ல யோசிச்சவர் பெர்க்லி பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். சூடா இருக்கறதுக்கு உடம்பு உலர்ந்திருக்கணும்னு அவசியம் இல்லைங்கறதுதான் அவர் பிடிச்ச விஷயம். நியோப்ரீன் ரப்பருக்குள்ள இருக்கற லட்சக்கணக்கான வாயுக் குமிழிதான் சூட்டைத் தடுக்குது. உள்ள புகுந்த கொஞ்சத் தண்ணி உடம்புச் சூட்டுல வெதுவெதுப்பாகி அங்கேயே நிக்கணும். தொளதொள சூட்டுல அது நிக்காது. அசையற ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணி போய்ப் புதுத் தண்ணி வரும். என் கதை அதுதான். இன்னொண்ணு, பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் ரெண்டு மடங்கு. குமிழி நசுங்கி சூட் மெலிஞ்சிடும். கீழ போகப் போகக் குளிரும் கூடும், போர்வையும் மெலியும்.

அதனால பொதுக் கணக்கு இதுதான். 29, 30 டிகிரின்னா லைக்ரா சட்டையே போதும். 26-லிருந்து 28 வரைக்கும் உடம்பு முழுக்க மூடற 3 மில்லிமீட்டர் சூட். அதுக்கும் கீழன்னா 5 மில்லிமீட்டரோட தலைக்கு ஒரு குல்லாவும். ஆனா என் கட்சி வேற. டிகிரியைப் பார்த்து மட்டும் உடுப்பு எடுக்காதீங்க. எத்தனை நேரம் தண்ணியில இருக்கப் போறோம்னு முதல்ல பாருங்க.

அப்படிப் பார்த்தா நம்ம மாநிலத்துல வெட்சூட் முதல்ல யாருக்குப் போகணும்? நாப்பது நிமிஷம் முழுகற எனக்கு இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்துல, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுத்திக் கடல்பாசி எடுக்கற பெண்களுக்கு. சிலிண்டர் கிடையாது, மூச்சடக்கித்தான் முழுகறாங்க. அதுவும் மணிக்கணக்கா. சேலைக்கு மேல ஒரு டீ சர்ட், விரல்ல சுத்துன துணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் பாதுகாப்பு. நனைஞ்ச பருத்தித் துணி குளிரைத் தடுக்காது. வாடைக் காத்துல படகு ஏறினா இன்னும் நடுங்க வைக்கும்.

"அவங்களுக்குப் பழகிடுச்சு"ன்னு ஒரு பதில் ரெடியா வரும். கொரியாவுல இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. அங்கயும் பெண்கள்தான் முழுகறவங்க. 1977 வரைக்கும் பருத்தி உடுப்போட பனிக்காலத்துல 10 டிகிரி தண்ணியில இறங்குனாங்க. அவங்க உடம்பு பனிக்காலத்துல கூடுதலா எரிச்சு சூடு உண்டாக்கப் பழகியிருந்தது. வெட்சூட் வந்து சில வருஷத்துல அந்தப் பழக்கம் மறைஞ்சு போச்சு. அப்போ 'பழகிடுச்சு'ன்னா என்ன அர்த்தம்? துணி செய்ய வேண்டிய வேலையை உடம்பு செஞ்சிருக்கு.

பி.காம் படிக்கறவன் கணக்கு போடலைன்னா எப்படி? சூட் விலை 6000 ரூபாய், ஆயுசு ரெண்டு வருஷம்னு வெச்சுக்குவோம். நான் வாங்கி வருஷத்துக்கு ரெண்டு முழுக்கு போட்டா ரெண்டு வருஷத்துல மூணு மணி நேரம் கூட வராது. மணிக்கு 2000 ரூபாய்க்கு மேல ஆகுது. பாசி எடுக்கறவங்க மாசத்துல 12 நாள், நாளுக்கு 5 மணி நேரம், வருஷத்துல 10 மாசம்னு பார்த்தா 1200 மணி நேரம். மணிக்கு 5 ரூபாய்! 2020-ல வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல பெண்களுக்கு மானியம் 60 சதவீதம். உடுப்புக்கும் அதே கணக்கைப் போட்டா அவங்க கையிலிருந்து மணிக்கு 2 ரூபாய்தான்.

எதிர்க் கேள்வியும் இருக்கு. சூட் மிதக்கும், முழுகறதுக்கு ஈயக் குண்டு கட்டணும். மூச்சடக்கி முழுகறவங்களுக்கு அது ஆபத்துதான். அதனால 2 மில்லிமீட்டர் கையில்லாத மேலுடுப்பும், ஒரே இழுப்புல கழண்டுக்கற பெல்ட்டும் போதும். பாறையில கிழியுமேன்னா, பசை தடவி ஒட்டலாம். லாரி டியூப்புக்குப் பஞ்சர் பார்க்கற ஊர்க்காரன் சொல்றேன், நம்புங்க. குளிரலைன்னா அதிக நேரம் எடுத்துப் பாசியை அழிச்சிடுவாங்கன்னு சொன்னா, மாசத்துக்கு 12 நாள்தான்னு கட்டுப்பாடு போட்டுக்கிட்டதே அந்தப் பெண்கள்தான். அவங்க தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015-ல சீகாலஜி பரிசு கிடைச்சுது. அளவு தெரிஞ்சவங்களுக்கு நாம அளவு சொல்ல வேண்டாம்.

பாசி அகார் ஆகி ஐஸ்கிரீம், ஜெல்லின்னு நம்ம வாய்க்கு வருது. நாம ஜில்லுனு சாப்பிடறதுக்கு அவங்க நடுங்கணுமா?

டிஸ்கி: அடுத்த தடவை டைவிங் போறவங்க, சூட்டைப் போட்டதும் கையைத் தூக்கிக் குனிஞ்சு நிமிர்ந்து பாருங்க. கழுத்துலயோ முதுகுலயோ இடைவெளி தெரிஞ்சா வேற கேளுங்க. கூச்சப்பட்டு நான் கேக்காம விட்டேன், அனுபவிச்சேன்.