ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள்

பி.காம். படிக்கும் பிள்ளைகளிடம் வணிகச் சட்டம் என்றால் என்ன என்று கேளுங்கள். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். பரீட்சைக்கு அது போதும். ஊருக்குப் போதாது என்பது என் கருத்து. அதற்கு நான் காட்டும் சாட்சி, இலங்கைப் பேராசிரியர் சி.ஜி.வீரமந்திரி.

1926இல் கொழும்பில் பிறந்தவர். ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றி 1967இல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அதே வருஷம் இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1972இல் அந்தப் பதவியை விட்டு, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார்.

ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு. வியாபாரம் முடிந்தபின் மண்ணும் தண்ணீரும் கெட்டுக் கிடந்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குத்தான் அவர் ஆராய்ச்சி போய்ச் சேர்ந்தது. நவ்ரு என்ற 21 சதுர கிலோமீட்டர் தீவில், அது 1968இல் சுதந்திரம் அடைவதற்கு முன் ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்துப் போயின. அதை விசாரித்த குழுவுக்கு வீரமந்திரிதான் தலைவர். நவ்ரு 1989இல் ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசமானது.

அதற்குள் அவர் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாகியிருந்தார். 1997இல் டான்யூப் நதி அணைத் திட்டம் பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் வழக்கு. 1977இல் போட்ட உடன்படிக்கை இன்னும் செல்லும், ஆனால் இன்றைய சுற்றுச்சூழல் நெறிகளையும் கணக்கில் எடுங்கள் என்றது நீதிமன்றம். வீரமந்திரி தனியாக ஒரு தீர்ப்புரை எழுதினார். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் அதை நான் பிரெஞ்சிலேயே வாசித்தேன். இலங்கையின் பழைய குளங்களை அதில் எடுத்துக்காட்டி, நிலத்துக்கு மன்னன் காவலனே தவிர உரிமையாளன் அல்ல என்ற பௌத்த மரபை நினைவூட்டுகிறார்.

இது நமக்குத் தூரத்துச் சமாசாரம் இல்லை. அதற்கு முந்தின வருஷம், 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அந்த ஐந்தில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பதையும் நாட்டின் சட்டமாக அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது.

தொழில் வேண்டாமா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் தோலை விற்றவரும் வாங்கியவரும் கணக்கு முடித்துப் போய்விட்டார்கள். உப்புக்கரித்த கிணற்றுக்காரர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை.

கம்பெனிக்கோ, மண் எடுக்கவோ நிலத்தைக் குத்தகைக்கு விடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். காலி செய்யும்போது பள்ளத்தை யார் மூடுவது, கிணறு கெட்டால் யார் பணம் தருவது என்பதையும் எழுதி வாங்குங்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும்.