டோக்கியோ வரும், கல்முனை வராது!



ஜப்பானிலிருந்து வந்த நம் பழைய கார்கள் பலவற்றில், பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் நேவிகேஷன் செட் 'மெப் எஸ்.டி. கார்ட் போடு' என்று நின்றுவிடுகிறது. உடனே ஓடிப்போய் 'மெப் அப்டேட்' என்று ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறோம். அது ஜப்பான் சந்தைக்கென்று செய்த செட். கார்டில் இருப்பதும் ஜப்பான் வீதிகள்தான். எத்தனை தரம் புதுப்பித்தாலும் டோக்கியோ வரும், கல்முனை வராது!

பாட்டும் ரிவர்ஸ் கெமராவும் வேலை செய்ய லொக் எடுப்பதற்குக் கூலி கொடுப்போம், அது நியாயம். அதையே 'மெப்' என்று சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்று. குறையை மறைத்து விற்கக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! விசாரிக்காமல் கொடுக்கும் நம்மிலும் பிழை உண்டு. வழி பார்க்கப் போன் போதும். இனிக் காசை நீட்டுமுன், 'நம்மூர் வீதியைத் திரையில் காட்டுங்கள்' என்று கேட்போம்.