சிறகுள்ள குதிரையும் நம் பிள்ளைகளும்

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்கப் போகும் தந்தையிடம் கடுகும் தேங்காய் நாரும் கேட்கும் பிள்ளைகள் இப்போது நம் வீடுகளில் இருக்கிறார்கள். சமையலுக்கு அன்று, கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் டிராகனுக்கு. ப்ரைமர் பூசி, நிறம் தீட்டி, நீர்த்த கருஞ்சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வெளுப்பாக்குகிறார்கள். பிறகு அடித்தட்டில் பசை தடவி மணல் தூவினால் அது நிலமாகிறது; கடுகு கூழாங்கல், நார் புல். (ஒரு சிட்டிகைதான், வீண்விரயம் என்று எவரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

இதைக் கண்ட பெரியவர் ஒருவர், “உருவம் ஹராம்” என்று பேரனின் இரண்டு வார உழைப்பைக் குப்பையில் எறிந்தார். அவருடைய அச்சத்தை நாம் இகழவில்லை. உருவம் சமைப்போரைப் பற்றிய எச்சரிக்கை ஹதீஸ்களில் கடுமையாகவே உள்ளது. ஆனால் அபூதாவூதில் வரும் செய்தியையும் நினைக்க வேண்டும். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே துணிச் சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைச் சுட்டி ஆயிஷா (ரலி) பதிலளித்தார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். எறியச் சொல்லவில்லை.

இச்சலுகை சிறாருக்கு மட்டுமே என்போர் உலமாக்களில் உண்டு. வளர்ந்தவர்கள் அவற்றை அலமாரியில் அடுக்குவதை நாமும் விரும்பவில்லை. உருவம் தீட்டியே பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் தீட்டுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டியது புகாரியில் இருக்கிறது. டிராகனில் கருத்து வேறுபடலாம். அதன் காலடியிலுள்ள பாறைக்கும் புல்லுக்கும் அத்தடை கிடையாது. அடுத்த முறை அச்சிறுவனுக்கு ஒரு பாழடைந்த கோட்டையை வாங்கித்தருமாறு அவன் தந்தையிடம் சொன்னோம். பாட்டனாரும் மணல் சலித்துக் கொடுக்க இசைந்துள்ளார்.